சோறில்லாத காலத்தில் இளைக்காத உடம்பு

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த இரண்டாவது வருஷம் அது. ஜொகூரில், பெக்கோக் டவுனிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. தோட்டத்து ஜனமெல்லாம் எலும்பும் தோலுமாக நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒருத்தி மட்டும் குண்டாக இருந்தேன். இப்போது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்த உடம்பால் என் கால் போகப் பார்த்தது. கால் போவதற்கு முன்னால் மானமும் போகப் பார்த்தது.

சண்டைக்கு முன்பே எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்துவிட்டது. சதா தாகம், சதா களைப்பு. டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸர்தான் கண்டுபிடித்தார். டவுன் பக்கத்துக் கிறிஸ்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். ஒரு நீல மருந்தில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடு காட்டுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது, செங்கல் நிறம் வந்தால் மோசம். முதல் நாளே செங்கல்தான் வந்தது. சோற்றைக் குறை, உடம்பைக் குறை, வேறு வழி இல்லை என்று சொல்லிவிட்டார். ரப்பர் ஷீட்டு நிறுக்கிற ஸ்டோர் தராசில் என்னை ஏற்றி நிறுத்தார். நூற்று எழுபத்திரண்டு ராத்தல். ஸ்டோரில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா?

சோற்றைக் குறைக்க என்னால் ஆகவில்லை. ஜப்பான்காரன் வந்து குறைத்து வைத்தான். ரேஷன் அரிசி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனது. கீரையும் கஞ்சித் தண்ணியுமாக ஓட்டிய அந்த முதல் வருஷத்தில் மளமளவென்று இளைத்தேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தராசில் நூற்று நாற்பத்தெட்டு. நீல மருந்தும் பச்சையோடு நின்றுகொண்டது. ஊரே பட்டினி கிடக்கும்போது எனக்கு மட்டும் உடம்பு தேறுகிறதே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு முள் நகரவே இல்லை. ஒரு மாசம், இரண்டு மாசம், நாலு மாசம் போயும் அதே நூற்று நாற்பத்தெட்டு. அது கூடப் பரவாயில்லை, மருந்து மறுபடியும் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. சோறு சாப்பிடுகிறீர்களா என்று டிரஸர் மாசாமாசம் கேட்பார். சோற்றைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ மாசம் ஆகிறது என்று நானும் மாசாமாசம் சொல்வேன். அது சத்தியமான பேச்சு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, வெட்டிய மரவள்ளிக் கட்டையை வெறுங்காலோடு மிதித்துவிட்டேன். உள்ளங்காலில் சின்னக் கிழிசல்தான். யார் அதைப் பெரிதாக நினைப்பார்கள்? மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் காயம் மூடவில்லை, சுற்றிலும் கறுத்துப்போய் நாற்றமடித்தது. டிரஸர் துணியைப் பிரித்து, கறுத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரை இறங்காவிட்டால் இது ஆறாது, மேலே ஏறும், ஏறினால் காலை எடுக்க வேண்டியதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துகூட இருக்குமோ இருக்காதோ என்றார். அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. வேலை செய்தால்தான் தோட்டத்தில் கூலி. இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஐந்து மாசம். ஒரு காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இந்த நிலைமையில்தான் எதிர்வீட்டுப் பெண் என்னைப் பற்றி ஒரு பேச்சைக் கிளப்பினாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் அவளுடையது. புருஷன் சொங்கி, வேலைக்கு லாயக்கில்லை என்று ஜப்பான்காரனே தள்ளிவிட்டுப் போன ஆள். நாலு பிள்ளைகள். அவர்களுடைய கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறிப்போட்டுவிட்டதால் சரியான கஷ்டம். அவளுக்கும் எனக்கும் பைப்படியில் அடிக்கடி முட்டிக்கொள்ளும். என் வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். அவள் ஊரெல்லாம் சொன்னது இதுதான்: நாம எல்லாம் வத்திப் போயிட்டோம், அவ மட்டும் இறங்கவே மாட்டேங்கிறா, வீட்டுக்குள்ள அரிசி பதுக்கி வச்சிருக்கா.

அந்தக் காலத்தில் அது லேசான பேச்சில்லை. அரிசி பதுக்கினான் என்று பிடிபட்டவனை வெயிலில் முழங்கால் போட வைத்து அடித்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். பேச்சு ஜப்பான்காரன் ஆபீசுக்குப் போனால் என் கதை முடிந்தது.

நல்லவேளை, அது முதலில் டிரஸர் காதுக்குப் போனது. ஒரு மத்தியானம் அவர் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போதே எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஜப்பான்காரன் வந்து தேடுறதுக்கு முன்னாடி நான் தேடிடுறேன். இவங்களும் பாக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தேடுங்கள், நன்றாகத் தேடுங்கள் என்று அரிசிப் பானையைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சிலந்தி விழுந்து ஓடியது. பரணைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அரிசி ஒரு மணிகூட இல்லை. எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி.

ஆனால் டிரஸர் கிளம்பவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கூடையைக் காட்டி இது என்ன என்றார். மரவள்ளிக்கிழங்கை அரிந்து காயவைத்த வற்றல். அந்தச் சட்டி? அவித்த கிழங்கு. அந்த டின்? கிழங்கு மாவு, காலையில் தோசை சுடுவதற்கு. அடுப்பின்மேல்? சர்க்கரைவள்ளி, பிள்ளைகள் வந்ததும் கொடுக்க, எனக்கும் இரண்டு.

"இதெல்லாம் யாரு சாப்பிடுறது?"

"நாங்கதான். ஆனா இதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா, டிரஸரையா? சோறு இல்லாத பாவத்துக்கு வாயில போடுறது."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். காலையில் மாவுத் தோசை மூன்று. பத்து மணிக்கு அவித்தது ஒரு கிண்ணம், தேங்காய்ப்பூ போட்டு. மத்தியானம் கிழங்குப் புட்டு. சாயங்காலம் சர்க்கரைவள்ளி. பிள்ளைகள் மிச்சம் வைப்பதை வீணாக்கக்கூடாதே என்று அதுவும். ராத்திரி கிழங்குக் கஞ்சி. நடுவில் பசித்தால் வற்றல். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இறங்கிக்கொண்டு போனது. அத்தனை நாளும், ஒன்றுமே சாப்பிடாத பட்டினிக்காரி நான் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தேன். நான் நட்ட கிழங்கு விளைந்து வீட்டுக்கு வந்த மாசத்திலிருந்துதான் தராசு முள் நின்றிருக்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

இந்தக் கிழங்கும் வயிற்றுக்குள் போனால் சோறு மாதிரிதான், சர்க்கரையாகத்தான் மாறும் என்று டிரஸர் விளக்கினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "தப்பு எம்மேலயும் இருக்கு அக்கா. நானும் சோத்தைப் பத்தி மட்டும்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டார். படித்த மனுஷன் ஒருவர், இன்னொரு பெண்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருத்தியிடம் தன் தப்பைச் சொன்னதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கிழங்கை அடியோடு விடு என்றார். விட்டுவிட்டு எதைத் தின்பது? கீரை தின்னலாம், மரவள்ளிக் கொழுந்து தின்னலாம், மீனும் முட்டையும் கிடைத்தால் வயிறாரத் தின்னலாம். முட்டை ஜப்பான்காரனுக்குப் போனது. மீன் பிடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. கிழங்கை விட்டால் பட்டினி, விடாவிட்டால் கால் போகும் என்று அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி என் வாசலில் வந்து நின்றாள். கையில் தேக்கிலை மடிப்பு. உள்ளே இரண்டு கெளுத்தி மீன், வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சொங்கிப் புருஷனுக்கு ஆற்றில் மீன் கூடு வைக்கத் தெரியும்.

"அக்கா, ஒங்க பங்கு கெழங்க எங்களுக்குக் குடுங்க. இத நீங்க எடுத்துக்குங்க. தெனமும் கொண்டாறேன்."

என்னைப் பற்றிப் புகார் சொன்ன வாய் கிழங்குக்கு அலைகிறதா என்று கேட்டுவிட்டேன். அவள் மீனை நீட்டியபடி நகராமல் நின்றாள். கடைசியில் காலை நினைத்து வாங்கிக்கொண்டேன். அன்பினால் என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் இரண்டு வாரம் நரகம். தலைவலி, கை நடுக்கம். பிள்ளைகளுக்கு அவிக்கிற கிழங்கின் வாசனை வந்தாலே கண்ணில் தண்ணீர் முட்டும். ஒரு நாள் சின்னவள் தட்டிலிருந்து மூன்று துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். அந்த அவமானத்துக்குப் பிறகு நான் தொடவில்லை. மீனைப் புளி போட்டு வேகவைத்து, கொழுந்தை அவித்துத் துவட்டி, தேங்காயைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன். எதிர்வீட்டுக்காரி ஒரு நாளும் தவறவில்லை. மழை கொட்டி ஆறு கலங்கிய நாளில் நத்தை பொறுக்கிக்கொண்டு வந்தாள். நான் பதிலுக்குக் கிழங்கு போடுவேன். அதிலும் பாருங்கள் என் புத்தியை, மீன் சிறிசாக இருந்தால் கிழங்கையும் சிறிசாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். பேரம் பேரம்தானே என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த மாசம் தராசில் நூற்று நாற்பத்தொன்று. டிரஸர் மீதம் வைத்திருந்த நீல மருந்தில் கொஞ்சம் எடுத்துச் சூடு காட்டினார். பச்சை. அதற்கும் அடுத்த மாசம் பார்த்தால் பச்சைகூட வெளிறிப்போயிருந்தது. கொதித்த தண்ணீரில் கழுவி, கிழிந்த வேட்டித் துணியைக் கட்டி அவர் பார்த்துக்கொண்டிருந்த காயத்தில் சிவப்புச் சதை வளர ஆரம்பித்தது. மூன்றாம் மாசம் துணியைப் பிரித்தபோது காயம் மூடியிருந்தது. சிரிக்கத் தெரியாத அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். சண்டை முடிந்து, சயாமிலிருந்து என் வீட்டுக்காரர் குச்சிபோலத் திரும்பி வந்த நாளில், தோட்டத்து முச்சந்தி வரைக்கும் ஓடிப்போய் அழைத்து வந்தது அந்தக் காலால்தான்.

எதிர்வீட்டுக் குடும்பம் பிறகு மாசாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாறிப் போய்விட்டது. அவர்களுடைய மூத்த பெண் கல்யாணத்துக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பந்தியில் எதிர்வீட்டுக்காரியின் புருஷன் என் பக்கத்தில் நின்று சோறு போடச் சொல்லிக்கொண்டே, பழைய கதையைச் சிரித்தபடி எடுத்தார். அந்த வருஷம் பெக்கோக் டவுன் சீனக் கடைக்காரன் இரண்டு கெளுத்திக்கு ஒரு பால் டின் அரிசி தருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். அரிசி! அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சண்டை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சோறு சோறு என்று அழுதிருக்கின்றன. இவள் மீனை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்திருக்கிறாள். விற்க இடமில்லாத மீனைக் கொடுத்து நல்ல கிழங்கை வாங்கிப் போகிறாள் என்றுதான் நான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு அவளைத் தேடிப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அரிசி வாங்கி ஒரு நாள் பொங்கித் தின்னா மறுநாள் பசிக்கும்க்கா. ஒங்க காலு போனா வருமா? ஒங்களப் பத்தி அப்படிப் பேசிட்டு, வேற என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, கல்யாண வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கோயிலுக்கும் கடைக்கும் தனியாகத்தான் நடந்து போகிறேன். இத்தனை வருஷம் சர்க்கரை வியாதியோடு இருந்தும் எப்படிக் காலைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், கிழங்கைப் பற்றியும் டிரஸரைப் பற்றியும் சொல்வேன். எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன், ஏனென்றால் நாலு பிள்ளைகளின் சோற்றை நிறுத்தி ஒருத்தி காப்பாற்றிக் கொடுத்த காலை என் கால் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை.