சென்சரும் பல்லுவளையமும் நானும்

எங்கள் கார் சூடேறினால் நின்றுவிடும். காலையில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது, வெயில் ஏறிய பிறகு, சண்டிலிப்பாய் தாண்டியதும் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து போகும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அந்த அரை மணித்தியாலமும் பின் சீட்டில் என் கணவர் படுத்துக் கிடப்பார். நான் றோட்டில் நின்று பொனற்றைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலம் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். முடிந்து வரும்போது தலை சுற்றும், இருந்து வர ஏலாது, படுத்துத்தான் வரவேண்டும். ஓட்டோவில் எப்படிப் படுப்பது? ஆகவே அந்தப் பழைய கார்தான் எங்களுக்குக் கதி. அதை ஓட்டுவது நான்.

முதலில் பெற்றோல் பம்ப் மாற்றினோம். பிறகு கொயில். அதற்குப் பிறகு கராஜ்காரன் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டுச் சென்சர் என்றான். எஞ்சின் தண்டு சுற்றும்போது அதோடு ஒரு பல்லுவளையமும் சுற்றுமாம். பற்கள் கடந்து போவதைச் சென்சர் ஒவ்வொன்றாக எண்ணி, எப்போது பெற்றோல் விடுவது, எப்போது நெருப்புக் கொடுப்பது என்று சொல்லுமாம். எண்ணிக்கை பிசகினால் எஞ்சின் நிற்கும். வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது போன்ற வேலை. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. புதுச் சென்சர் போட்டதும் இரண்டு கிழமை கார் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் செவ்வாய்க்கிழமை, அதே சண்டிலிப்பாயில், மறுபடி நின்றது.

அன்றைக்கு அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இனி நான் வரேல்லை."

"கார் திருத்தினால்?"

"திருத்தினால் பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போக மனமில்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வார். ஊசி குத்திக் குத்திக் கை வீங்கி, சோறு தண்ணீர் எல்லாம் அளவு பார்த்து, அவருக்கு வாழ்க்கை அலுத்துப் போயிருந்தது. நிறுத்துவதற்கு ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவருக்குக் கார் சாட்டுக் கொடுத்துவிட்டது. நிறுத்தினால் இரண்டு கிழமைகூடத் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

மறுநாள் காலை பண்டத்தரிப்பில் அந்தக் கராஜ் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். கராஜ்காரன் என்னிடம் படித்தவன். நாற்பது வயது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைக் கண்டால் இன்னமும் மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதைக்கு இறக்கி விடுவான்.

"புதுச் சென்சரைக் கழட்டு," என்றேன். "பழசு எங்கை? அதையும் எடு."

இரண்டையும் என் கைலேஞ்சியை விரித்து அதில் வைத்தேன். பழையதன் நுனியில் ஒரு கீறல். புதியதன் நுனியிலும் அதே இடத்தில் அதே கீறல். ஒரே பிழை இரண்டு கொப்பியில் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்து எழுதியவை என்று அர்த்தம்.

"இது எதிலை உரஞ்சுது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரியாத நாட்களில் என்னை நேரே பார்ப்பான். தெரிந்தும் சொல்லப் பயந்தால் நிலத்தைப் பார்ப்பான்.

"உனக்குத் தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும் ரீச்சர்."

"எப்பவிலையிருந்து?"

"தை மாசத்திலையிருந்து சந்தேகம், ரீச்சர். உந்தக் கீறலைக் கண்டாப் பிறகு நிச்சயம்."

தை மாதத்தில் அவனிடம் கிளச் மாற்றினோம். அவர் முதன்முதலாக மெசினுக்குப் போகும் வெள்ளிக்கிழமை அது. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன்னம் கார் ஸ்டார்ட் ஆகி வெளிக்கிட்டுவிட வேண்டும் என்று, அவரைக் கராஜ் வாங்கில் இருத்திவிட்டு, நான் கையில் மணிக்கூட்டோடு நின்றேன். நான் இராகுகாலத்தை நம்புகிறவள் அல்ல. ஆனால் அப்படி ஒரு நாளில் அதை மீறத் துணிந்தவளும் அல்ல. எஞ்சினோடு சுற்றும், பல்லுவளையம் பதித்த சில்லைப் பூட்டும்போது அது சுற்றாமல் பிடிப்பதற்கென்று ஒரு கொழுக்கி உண்டு. அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். எடுத்து வர ஆள் அனுப்பவா என்று அவன் கேட்டான். ஆள் போய் வர நேரம் எங்கே இருக்கிறது, உதிலே கிடக்கிற ஸ்குறூ ட்றைவரைச் செருகிப் பிடி என்று சொன்னது நான்தான். செருகியது பல்லுவளையத்தின் பற்களுக்குள். பத்து இருபத்தைந்துக்குக் கார் ஸ்டார்ட் ஆனது. நான் கற்பூரம் காட்டினேன்.

ஒரு பல் வளைந்திருந்தது. சூடேறி இரும்பு விரிந்தால் அந்தப் பல் சென்சரின் நுனியில் முட்டி முட்டி அதைக் கீறும், எண்ணிக்கை பிசகும்.

"பிழை எண்டு தெரிஞ்சும் ஏனடா செய்தனி?"

"நீங்கள் சொன்னீங்கள், ரீச்சர்."

அவ்வளவுதான் அவனுடைய விளக்கம். வேறு யாராவது சொல்லியிருந்தால் விரட்டியிருப்பான். பிறகு வளைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தபோதும், உங்களால்தான் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், பம்பும் கொயிலும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வளையம் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. வாடகைக்கு வான் ஒன்று பிடிக்கிறேன், படுத்தே போகலாம் என்று கெஞ்சினேன். "கார் வரட்டும்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வெள்ளிக்கிழமைத் தவணை தவறியது. நான் படலைக்கும் குசினிக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன். சனிக்கிழமை அவருடைய காலை அமுக்கிப் பார்த்தேன். நீர் ஏறியிருந்தது; என் விரல் பதிந்த குழி நிரம்ப நேரமெடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். செவ்வாய்க்குப் பதில் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே ஒரு கட்டில் இருக்கிறது, தவறவிட வேண்டாம் என்றார்கள். சனி பின்னேரமே வளையம் வந்து சேர்ந்தது.

ஞாயிறு விடியவே கராஜில் நின்றேன். கியர்பொக்ஸ் இறக்கியாயிற்று. புது வளையத்தை என் கையில் தந்தான். எண்ணினேன். ஐம்பத்தெட்டுப் பல், பிறகு இரண்டு பல்லுக்குரிய இடம் வெறுமை.

"இதிலை ரெண்டு பல்லு இல்லை."

"அது அப்பிடித்தான், ரீச்சர். அந்த வெறும் இடத்தை வைச்சுத்தான் எது தொடக்கம் எண்டு சென்சர் அறியும்."

வளையத்தைத் திருப்பி வாங்கியவன் வேலையைத் தொடங்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினான். என் முன்னால் அவன் அப்படிக் கட்டியது அதுதான் முதல் தடவை.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. நீங்கள் வீட்டை போங்கோ. நீங்கள் நிண்டால் எனக்குக் கை ஓடாது."

வந்துவிட்டேன். நடந்துதான் வந்தேன். அவமானமாக இருந்தது. அவன் சொன்னது சரி என்பது அதைவிட அவமானமாக இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவனே காரைக் கொண்டுவந்து விட்டான். கீரிமலை வரை இரண்டு தரம் போய் வந்ததாகவும், நன்றாகச் சூடேறியும் நிற்கவில்லை என்றும் சொன்னான். அவன் போன பிறகு கட்டிலில் கணவருக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்குறூ ட்றைவர், பத்தரை, கற்பூரம், எல்லாம்.

"தெரியும்," என்றார். "நான் அந்த வாங்கிலை இருந்து பார்த்தனான். அவன் எத்தினை தரம் உம்மட முகத்தைப் பார்த்தவன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"நீர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டீர்." என் பக்கம் திரும்பிப் படுத்தார். "ஆஸ்பத்திரியிலையும் அப்பிடித்தான். நாலு மணித்தியாலமும் பக்கத்திலை நிண்டு மணிக்கூட்டைப் பார்க்கிறீர். நான் உமக்குப் பாரம் எண்டு அது சொல்லுற மாதிரிக் கிடக்கு."

ஒவ்வொரு கால் மணித்தியாலம் கழியும்போதும், இவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் இவ்வளவுதான் என்று நான் மனதுக்குள் எண்ணியது அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் சொல்லவில்லையே.

"பாரமில்லை," என்றேன். "பயம்."

"பயமெண்டால் பயமெண்டு சொல்லும்."

"அப்ப நாளைக்கு வருவீங்களோ?"

அவர் 'பாப்பம்' என்று சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இரவு முழுவதும் வருவாரோ மாட்டாரோ என்று புரண்டு கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இராகுகாலம். ஏழேமுக்காலுக்கு மணிக்கூட்டைக் கழற்றிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, போர்வையும் சுடுதண்ணிப் போத்தலுமாக அறைக்குள் போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது. வெளியே வந்து பார்த்தால், சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானாக நடந்து போய், காருக்குள் ஏறி இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலமும் அவருடைய ஊசி இல்லாத மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெறும் மணிக்கட்டைப் பார்க்கக் கண் தானாகப் போய்ப் போய் வந்தது. திரும்பி வரும்போது நல்ல வெயில். சண்டிலிப்பாய் நெருங்க வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. சங்கானையும் கடந்துவிட்டோம்.

"எத்தினை மணி?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"தெரியாது. மணிக்கூடு கட்டேல்லை."



"வெள்ளிக்கிழமை கட்டிக்கொண்டு வாரும்," என்றார். "பிந்தினால் கட்டிலை வேறை ஆருக்கும் குடுத்திடுவாங்கள்."