சங்கு ஊதிய ஞாயிற்றுக்கிழமை

முப்பது கிலோமீட்டர் ஓடப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு தொரத்துறா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், எங்கள் எஸ்டேட் பாக்டரியைப் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அந்தப் பாக்டரியில் எலக்ட்ரீஷியன். அவள் கொழுந்து பறிப்பவள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. நாற்பதை நெருங்கும் ஆம்பளை ஒருத்தன் காலையில் எழுந்து, போவதற்கு ஓர் இடம் இல்லாமல், எமரால்டு ரோட்டில் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தால் பெண்டாட்டி வேறு என்னதான் கேட்பாள்? லயத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. எங்கள் அப்பன் ஆத்தா சிலோனிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் அதுதான் எங்களுக்கு ஊர். எனக்கு மண்டை கழன்றுவிட்டது என்று முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு சர்க்கரை வியாதி, டாக்டர் ஓடச் சொல்லியிருக்கிறார் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வியாதி என்றால் ஒரு மரியாதை உண்டு. நான் மறுக்கவில்லை.

உண்மை என்னவென்றால் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. இத்தனை வருஷம் இலை அரைக்கும் ரோலர்களின் இரைச்சலில் நின்ற உடம்பு அது. அமைதியாக இருந்தால் காதுக்குள் என்னவோ செய்யும். ஓடினால் மூச்சுச் சத்தமாவது கேட்கும். அதோடு, ஓடும்போது தோட்டத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம். பறிக்காமல் விட்ட தேயிலை அடங்கி இருக்காது, மரமாகிவிடும். எங்கள் தோட்டம் முழுக்க ஆள் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளைப் பூப் பூத்து நின்றது. காரில் போகிற வெளியூர்க்காரர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பெண்களுக்கு உடனே வேலை, தங்க ஹாஸ்டல் என்று ஏஜெண்ட் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். குடும்பத்தோடு போக முடியாது. லயத்து வீட்டைக் காலி செய்தால் பிறகு திரும்பக் கிடைக்காது, பாக்டரி திறந்தாலும் வேலை கிடைக்காது என்பது எல்லோருக்கும் இருந்த பயம். அதனால் வீட்டுக்கு ஒருவர் கதவைக் காவல் காப்பது, ஒருவர் கீழே போவது என்று வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் போக வேண்டியவள் அவள். நானும் பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளும் இருந்துகொள்வது. திங்கட்கிழமை காலையில் வேன். நான் சொன்ன முப்பது கிலோமீட்டர் பந்தயம் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

"அதுக்குள்ள சங்கு ஊதுச்சுன்னா நான் எங்கயும் போகல" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாக்டரிக் கூரை மேல் இருந்த சைரனைத்தான் நாங்கள் சங்கு என்போம். அது ஊதினால் வேலை உண்டு, பெரட்டுக்கு வா என்று அர்த்தம். பாக்டரிக்குப் பக்கத்துக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. அது ஊதி ஒரு வருஷம் ஆகியிருந்தும் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போகவில்லை. தொரை பங்களாவுக்குக் கார் வந்ததாம், பாங்கியில் பேசுகிறார்களாம் என்று குழாயடியில் கிளம்பும் ஒவ்வொரு பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். எனக்கு எரிச்சலாக வரும். பிறகு நானும் ராத்திரி படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

பந்தயம் நடத்தியவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், ஓடுவதில் பைத்தியம் உள்ளவர்கள். ஊட்டியில் தொடங்கி, எமரால்டு வழியாக வந்து, எங்கள் பாக்டரி முற்றத்தில் முடிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய முற்றம் காலியாகக் கிடந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் இல்லை என்று சொன்னதால் பேர் கொடுத்தேன். ஒரு பனியன் கொடுத்தார்கள். திருப்பூர் பனியன்தான்.

விடியும் முன்பே ஊட்டியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என்ன குளிர், சொல்லி மாளாது. மைக்கில் ஒருவர் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரிய வேண்டிய ஒரு சங்கதி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தடதடவென்று எல்லோரும் கிளம்பினார்கள். நான் கான்வாஸ் ஷூவோடு கடைசிக் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டேன்.

அந்த ரோட்டில் பஸ்ஸில் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்குக் காலால் வந்தபோதுதான் இந்த மலை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மேகம் எனக்குக் கீழே கிடந்தது. கற்பூர மரக் காட்டுக்குள் நுழைந்தால் என் காலடி எனக்கே இரண்டு முறை கேட்டது. உருளைக்கிழங்குக் காட்டில் நின்ற, இந்த மலைக்காரரான படகர் ஒருவர் மண்வெட்டியைப் பிடித்தபடி, நான் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். எமரால்டு அணைத் தண்ணீர் திடீரென்று கண்ணில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவும் இங்கேயே இருந்திருக்கிறது, நாம் பாட்டுக்கு இருந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

அழகெல்லாம் அணையோடு சரி. அதற்குப் பிறகு முட்டி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பாதி பேர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வேன் ஒன்று, இவன் எப்போது விழுவான் என்று காத்திருப்பதுபோல் உருண்டு வந்தது. எங்கள் எஸ்டேட் ஏற்றத்துக்கு வந்தபோது நான் ஓடவில்லை. தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தேன். லயம் தலைக்கு மேலே தெரிந்தது. அதைத் தாண்டி இன்னும் இரண்டு வளைவு ஏறினால் பாக்டரி. பேசாமல் லயத்துக்குள் புகுந்து படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

முதலில் ஒரு முனகல். பிறகு மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், அங்கேயே நின்றது. எலக்ட்ரீஷியன் மூளை அந்த வலியிலும் வேலை செய்தது. அந்தச் சைரனுக்கு மூன்று பேஸ் கரண்டும் வேண்டும், இல்லாவிட்டால் இந்த உச்சத்துக்கு ஏறாது. பாக்டரியைப் பூட்டியதும் கரண்ட் போஸ்டிலிருந்து லைனைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். இப்போது ஊதுகிறது என்றால் லைன் கொடுத்துவிட்டார்கள். லைன் கொடுத்தார்கள் என்றால் பாக்டரி திறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது. கொழுந்து முற்றிக் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவது உண்டு. இங்கேதான் காடாகக் கிடக்கிறதே!

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே லயத்திலிருந்து, மரமாகிப்போன தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஒற்றையடிப் பாதையில், பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, திருப்பூருக்குப் போகாமல் லயத்தில் மிச்சம் இருந்த அத்தனை பேரும். முதுகில் கூடை. சேலை நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை ஓடிக்கொண்டே முடிச்சுப் போட்டார்கள். ஒருத்தி கையில் பாதி நறுக்கிய முட்டைக்கோஸ் அப்படியே இருந்தது. ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்தபடியே வந்துவிட்டாள், எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. பாதி பேர் காலில் செருப்பு இல்லை. ரோட்டுக்கு வந்ததும் ஏற்றத்தில் திரும்பி ஓடினார்கள். பேச்சு இல்லை, கூச்சல் இல்லை. நான் ஊன்றி ஊன்றி நடந்த ஏற்றத்தில் அவர்கள் மூச்சு வாங்காமல் போனார்கள். விடியற்காலையிலிருந்து எத்தனையோ பேர் ஓடுவதைப் பார்த்துவிட்டேன். இதைப் பார்த்ததும் நடப்பதை நிறுத்திவிட்டேன். ஆம்புலன்ஸ்காரனும் வேனை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தான்.

என் மனைவி அந்தக் கூட்டத்தின் நடுவில் வந்தாள். என்னைத் தாண்டும்போது திரும்பினாள். "என்னாங்க, சங்கு!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை. முட்டியாவது வலியாவது, நானும் ஓடினேன். பந்தயத்தை மறந்தே போனேன், சத்தியமாகச் சொல்கிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றுதான் ஓடினேன்.

பாக்டரி கேட்டில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கைதட்டினார்கள். பெண்கள் அதை ஏறிட்டும் பார்க்காமல் வளைவுக்கு அடியில் நுழைந்து நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். களம் முழுக்கக் கோயம்புத்தூர் கார்கள் நின்றிருந்தன. அவரவருக்கு அங்கே ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைத் தேடிக் காருக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்கள். ஒரு வருஷம் ஆகியும் ஒருத்தியும் இடம் மாறி நிற்கவில்லை. கூடைகளை முன்னால் இறக்கி வைத்துவிட்டு, பெயர் கூப்பிட ஆள் வரும் என்று ஆபீஸ் கதவைப் பார்த்தார்கள்.

ஆபீஸ் கதவு பூட்டிக் கிடந்தது. நான் வலது பக்கம் பார்த்தேன். ஒரு லாரியில் பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் சுவர் ஓரமாகப் போய்ச் சைரன் சுவிட்சுப் பெட்டிக்குள் நுழைந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. நேரம் முடிந்தது, இனி வருகிறவர்களுக்குக் கணக்கு இல்லை என்று அறிவிக்கத்தான் ஊதியிருக்கிறார்கள். காலையில் இங்கிலீஷில் சொன்னது அதைத்தான். முட்டி அப்போதுதான் மறுபடி வலித்தது.

பந்தயத்தை நடத்திய பெரியவர், நரைத்த மீசைக்காரர், என் பனியனைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். "ஏனுங்க, இந்தப் பொம்பளைங்க எல்லாம் எதுக்குங்க அங்க நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"வேலைக்கு வந்திருக்காங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. சங்கு என்றால் எங்களுக்கு என்ன என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கலாம், அந்த ஜெனரேட்டரை எட்டி உதைக்கலாம் என்று ஆத்திரம் வந்தது. அவர் முகம் கறுத்துப்போயிற்று. ஓடிப் போய் மைக்கை நிறுத்தினார். பாட்டையும் நிறுத்தச் சொன்னார். பிறகு அவரே களத்துக்குப் போய்க் கார்களுக்கு நடுவில் நின்று, கையைக் கூப்பி, தெரியாமல் செய்துவிட்டோம், பாக்டரி திறக்கவில்லை என்று சொன்னார். அவருக்குத் தண்டனைதான் அது. நான் அவருக்குப் பின்னால் நின்று என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

சத்தம் போடுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் வரிசையை விட்டு நகரவில்லை. பலூன் வளைவு பக்கம் உட்கார்ந்திருந்த ஓட்டக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த முற்றத்தில் அவ்வளவு பேர் இருந்தும் ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெரியவருக்குக் கை கால் ஓடவில்லை.

என் மனைவிதான் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். கோபம் இல்லாமல், கடையில் சாமான் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஐயா, வேலைக்கு வரச் சொல்லி ஊதிட்டீங்க, வந்துட்டோம். வேலை விட்டாச்சுன்னும் ஒருக்கா ஊதிருங்க. நாங்க போயிருறோம்."

எங்கள் எஸ்டேட்டில் அப்படித்தான். சாயங்காலச் சங்கு ஊதாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார். நான்தான் போனேன். அந்தச் சுவிட்சை எத்தனை வருஷம் போட்ட கை. சங்கு முனகி, ஏறி, உச்சியில் நின்றது. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு எடுத்தேன். அது இறங்கி அடங்கும்வரை அத்தனை பேரும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அடங்கியதும் கூடைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, வந்த வழியே, அவசரமில்லாமல் நடந்தார்கள்.

என் மனைவி எனக்காகக் கேட்டில் நின்றாள். நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். "துணிமணி எடுத்து வைக்கணும். வேன் வெள்ளனவே வந்துரும்."