செருப்பு கிடந்த பக்கம்

எங்கள் தேயிலை பாக்டரியின் மூன்றாவது மாடியில் கொழுந்தை வாட வைப்போம். ஏறி இறங்க ஒரே ஒரு மரப்படி. அதுவும் போயும் போயும், கீழே தேயிலை உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில். மனிதர் குடிக்கிற சாமான் என்பதால் மாடிக்குள் செருப்பு போடக்கூடாது. படி முடியும் இடத்தில் கழற்றி வைத்துவிட்டு, குளிரில் விறைத்த காலோடு நானும் என் மாமியாரும் நாள் முழுக்கக் கொழுந்து பரப்புவோம். வீட்டில் பாதியில் விட்ட சண்டையை அங்கே முடிப்போம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புதுத் துரை வந்தார். தீப்பிடித்தால் புகை முதலில் அந்த மரப்படி வழியாகத்தான் மேலே வரும், எல்லாரும் மாட்டிக்கொள்வோம் என்று சொல்லி, மாடியின் மறுகோடியில் வெளிச்சுவரை ஒட்டி இரும்புப் படி ஒன்று போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அதில் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. பனியில் அது எந்நேரமும் ஈரமாகவே இருக்கும்.

"நானே முட்டிவலிக்காரி. அதுல வழுக்கி விழுந்தா ஒன் புருசனா வந்து தூக்குவான்? வேணாம்லா" என்பார் மாமியார்.

வயிற்றுப் பிள்ளையோடு எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்த சமயம். ஒரு காலையில் கீழேயிருந்து புகை கிளம்பியது, சங்கு ஊதியது. உடனே நாங்கள் அத்தனை பேரும் என்ன செய்தோம் தெரியுமா? மரப்படியை நோக்கி, புகை வருகிற திசையிலேயே ஓடினோம். செருப்பு அங்கேதானே கிடக்கிறது! புகை மூஞ்சியில் அடித்த பிறகுதான் புத்தி வந்து, இருமிக்கொண்டே மறுகோடிக்குத் திரும்பினோம். மாமியாரை மட்டும் காணோம்.

எனக்கு உயிரே போய்விட்டது. "அத்தே! அத்தே!" என்று கத்தினேன். பிரிஞ்சாங் டவுன் கடையில் போன வாரம்தான் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். அதற்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கக்கத்தில் செருப்பை இடுக்கியபடி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார்.

"ஒரு செருப்புக்கா சாவீங்க?" என்று இரும்புப் படி நெடுகத் திட்டினேன். படிக்குப் படி உட்கார்ந்து இறங்கினாரே தவிர, கக்கத்துச் செருப்பை விடவில்லை.

கீழே வந்தால், எரிந்தது வெறும் மிஷின் பெல்ட். அதற்குள் அணைத்தும் விட்டார்கள். ஈரச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தோம். ஏன் புகை இருக்கும் பக்கமே ஓடினீர்கள் என்று துரை கேட்டார்.

"செருப்பு அங்கதான தொர இருக்கு!" என்றாள் ஒருத்தி.

துரை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே செருப்பு வைக்கும் பலகையை இரும்புப் படிப் பக்கம் மாற்றச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் இன்னும் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாமியார் கக்கத்திலிருந்த செருப்பை என் காலடியில் போட்டார். வார் அறுந்து ஊக்கு குத்திய பழைய செருப்பு. என்னுடையது.

"புள்ளத்தாச்சி ஈரத்துல வெறுங்காலா நிக்காத. போடுடி" என்றார்.

அவருடைய புதுச் செருப்பு மேலேயே கிடந்தது.