சந்தனம் பூசிய ரிமோட்

எங்கள் கிணற்றின் குணத்தை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். திருவிடந்தையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் அப்படித்தான். மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. மோட்டாரை அளவாக ஓட்டினால் கல்கண்டு மாதிரித் தண்ணீர் வரும். இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே என்று விட்டால் உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கக் கிணறு ஓய்வெடுத்தால்தான் சரியாகும். அதனால் எங்கள் தெருவில் மோட்டார் போட்டால் ஒரு ஆள் குழாயடியில் நின்று, உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாக்கில் கரித்ததும் "நிறுத்து!" என்று ஒரு சத்தம். கிணற்றடியில் நிற்கும் ஆள் சுவிட்சை அணைப்பார்.

இரண்டு பேர் செய்கிற வேலை இது. என் நாத்தனாரோ ஒற்றை ஆள்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் திடீரென்று எழுந்து, வீட்டின் முன்னறையில் டீக்கடை போடப்போகிறேன் என்றாள். இவருக்குச் சுருக்கென்றது.

"நான் கீறேன்ல? நீ ரோட்டுல நின்னு டீ ஆத்தணுமா? சோறு போட மாட்டனா உனக்கு?"

"போடுவ அண்ணா. ஆனா ஒவ்வொரு வேளையும் உன் கையப் பாத்துகினு துன்னணும்ல."

அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கெடு வைத்தார். ஆயுதபூஜை லீவில் கோயிலுக்கும் பீச்சுக்கும் கூட்டம் அள்ளும், அந்தக் கூட்டம் முடிவதற்குள் கடை நிமிரவில்லை என்றால் மூடிவிட வேண்டும். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

கடை நிமிர்வதற்குத் தண்ணீர்தான் தடை. மோட்டார் சுவிட்ச் வீட்டுக்குப் பின்னால், தென்னை மரங்களைத் தாண்டிக் கிணற்றடியில். அடுப்போ முன்னால் ரோட்டோரம். குழாயில் ருசி பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினால் பால் பொங்கி வழியும். பாலைப் பார்த்து நின்றால் உப்பு ஏறி மொட்டை மாடித் தொட்டிக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர் சேர்த்தால் பால் திரியும், திரியாவிட்டாலும் டீ வாயில் வைக்க விளங்காது. கல்யாணம் ஆக வேண்டும் என்று மாலையும் கையுமாகக் கோயிலுக்கு வந்த ஒரு பையன் ஒரு வாய் குடித்துவிட்டு ரோட்டில் துப்பினான். பாவி, ஓரமாகப் போயாவது துப்பியிருக்கலாம். கேன் தண்ணீர் வாங்கி டீ போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. நானும் இவரும் வேலைக்குப் போய்விடுவோம், கூட நிற்க ஆள் கிடையாது.

அந்தப் பையன் துப்பிய அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன், "ரிமோட்டு செஞ்சு தர்றேன். அடுப்பாண்ட நின்னுகினே மோட்டாரப் போடு, நிறுத்து."

இவர் சிரித்தார் பாருங்கள். "உன் கரண்டு வேலையெல்லாம் நம்ம வூட்டோட வெச்சுக்கோம்மே. காலிங் பெல்ல ரிப்பேர் பண்றேன்னு பண்ணியே, இன்னா ஆச்சு? மிக்ஸி போட்டா பெல்லு அடிக்குது."

அது உண்மைதான். அதற்காக விட்டுவிடுவேனா? கல்யாணத்துக்கு முன்னால் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்டுகளுக்கு சால்டரிங் வைத்தவள் நான். ஈயம் உருகும் அந்தப் புகை வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் டிவி பார்ப்பார்கள், நான் எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

செங்கல்பட்டுக் கடையில் ரிமோட்டும் ரிசீவர் போர்டும் ஜோடியாகக் கிடைத்தன. மலிவுதான், தீப்பெட்டி அளவு. ரிமோட்டில் இரண்டு பட்டன், ஒன்று போட, ஒன்று நிறுத்த. போர்டில் ஒரு சின்ன ரிலே, அதாவது சிக்னல் வந்ததும் டிக் என்று தானே ஒட்டிக்கொள்ளும் சுவிட்ச். அது மோட்டாரின் இழுப்பைத் தாங்காது, கருகிவிடும். அதனால் நடுவில் காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்ச் ஒன்றை வைத்தேன். சின்னது பெரியதை இழுக்கும், பெரியது மோட்டாரை இழுக்கும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடக்கி, உப்புக் காற்று புகாமல் மூடியை ஒட்டி, கிணற்றடியில் மாட்டினேன். முதலில் தென்னை மரம் வரைக்கும்தான் சிக்னல் எட்டியது. போர்டில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஒயரை ஏரியல் மாதிரி நிமிர்த்தி வைத்து ஒட்டினேன். கடைக்குள்ளிருந்து பட்டனை அமுக்கினேன். பின்னால் மோட்டார் உறுமியது! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் நாத்தனார் அந்த ரிமோட்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் டீயைப் பற்றி ஒரு குறை வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆயுதபூஜையும் வந்தது.

பூஜைக்கு அவள் கடையைக் கழுவிவிட்ட அழகைப் பார்க்க வேண்டும். வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். பலகையில் பாய்லர் மூடி, டீ வடிகட்டி, கத்தி, அருவாமனை, இவருடைய ஷேர் ஆட்டோ சாவி, ஸ்பேனர், என் ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன். எல்லாவற்றுக்கும் மேலே, நடு நாயகமாக ரிமோட். மற்ற சாமான்களோடு அதையும் சுத்தமாகக் கழுவி, இரண்டு பக்கமும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, குங்குமம் வைத்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் காட்டி முடித்தோம். ஆட்டோ ஸ்டாண்டு மைக் செட்டில் பாட்டு காதைப் பிளந்தது. அப்போது மாடித் தொட்டி நிரம்பி, வழியும் பைப்பிலிருந்து வாசல் வாழைக்கன்றின் மேல் தண்ணீர் கொட்டியது. இவர் குஷியாகிவிட்டார். "பாத்தியா, நல்ல சகுனம்!"

என் நாத்தனார் சிரித்துக்கொண்டே கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்து வாயில் விட்டாள். முகம் செத்துப்போயிற்று.

"அண்ணி... உப்பு."

யாரும் மோட்டார் போடவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. ரிமோட்டுக்குள் போன தண்ணீரும் சந்தனமும் சேர்ந்து 'போடு' பட்டனை அமுக்கியபடியே வைத்திருக்கின்றன. இவரைக் கிணற்றடிக்கு விரட்டினேன், மெயினை அணைக்க. ஈரம் ஊறினால் ரிமோட் செத்துவிடும் என்று நான் பலகைக்குப் பாய்ந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை வரைக்கும் எடுக்கக் கூடாது, அது எங்கள் வீட்டில் அசையாத சட்டம். அதைப் போட்டவளே அவள்தான்.

அவளைப் பார்த்தேன். அவள் சரஸ்வதி படத்தைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, கோச்சுக்காத, எனக்குக் கடைய விட்டா வேற போக்கு இல்ல" என்று சொல்லி ரிமோட்டை அவளே எடுத்து என் கையில் திணித்தாள்.

பிரிக்க வேண்டுமே! ஸ்க்ரூ டிரைவர் பலகையில். கத்தி பலகையில். ஸ்பேனரும் பலகையில். வீட்டில் கூர்மையாக இருந்த அத்தனையும் சாமியிடம் போய் உட்கார்ந்திருந்தன. கடைசியில் என் கொண்டை ஊசியை உருவி நெம்பித் திறந்தேன். உள்ளே கோயில் பிரசாதம் மாதிரி சந்தனம். அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பார்த்துவிட்டு அவளும் அழுகையோடு சிரித்தாள்.

துடைத்துக் காயவைத்தேன். தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டோம். சாயங்காலம் கடை திறக்கவில்லை, கிணற்றையும் தொடவில்லை. நாளைக்குத்தான் லீவுக் கூட்டம். விடிந்து கிணறு நல்ல தண்ணீர் தராவிட்டால் கெடுப்படி கடை மூடல்.

காலையில் புனர்பூஜை. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, முதுகில் மட்டும் பொட்டு வைக்க அனுமதி கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு அமுக்கினாள். மோட்டார் ஓடியது. குழாயில் பிடித்துக் குடித்தாள். மறுபடி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்பினாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்பாடா!

முதல் டீ இவருக்கு. நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். கிளாஸை வைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றார். தினமும் "கோவளம், கேளம்பாக்கம், ஏறு ஏறு" என்று ஆள் கூப்பிடுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"டீ டீ டீ டீ! நல்ல தண்ணி டீ! வா வா வா! நம்ம தங்கச்சி கடை!"

வேன் ஒன்று ஓரம் கட்டியது. என் நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"ஐயோ அண்ணி, மோட்டாரு!" என்று அழுகையும் சிரிப்புமாக நிறுத்துகிற பட்டனைத் தேடினாள்.