எல்லைக் கழியைத் தாண்டியவள்

பழவேற்காட்டு ஏரிக்குள் மணல்திட்டுக்குப்பம் என்று ஒரு மீனவ ஊர். அந்த ஊரின் ஏலக் கொட்டகையில், மூன்றாவது தூணில், ஓர் ஓலைக்கூடை ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கத்தின் மனைவி பானுப்ரியாவின் கூடை அது. ஊர் பார்க்க அவள் வெட்கப்பட வேண்டும் என்று பஞ்சாயத்தார் பிடுங்கி மாட்டியது. பானுவா வெட்கப்படுவாள்? காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு மறுநாளே ஏரியில் இறங்கிவிட்டாள். நல்ல சிவப்பு டப்பா. போகக்கூடாத இடத்துக்குப் போகிற நாட்களில் மட்டும் அதன்மேல் சேற்றைப் பூசிக்கொள்வாள்.

அவள் செய்த குற்றத்தைச் சொல்வதற்கு முன் பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, ஊர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. ஊருக்குள்ளேயும் வீட்டுக்கு வீடு முறை உண்டு. இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர்; முறை வைத்த இடத்தையும் அப்படியே சொல்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடிப் பட்டியல் வாசிப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்தவனுக்கு அந்த வருஷம் தண்ணீரில் பங்கு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது.

மாணிக்கம் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போனதும் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். வேறு வேலைக்குப் போனவனுக்குப் பாடு இல்லை என்பது சட்டம். பானு நேராகக் கூட்டத்துக்குப் போய், அந்த இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னாள். வலை போடத் தெரியும், படகு தள்ளத் தெரியும், அப்புறம் என்ன? ஊர்த் தலைவர் சுப்பராயலு மீசையைத் தடவிக்கொண்டே, “பொம்பளைக்கு ஏதும்மா பாடு? போயி கூடையத் தூக்கினு மீன் விக்கிற வழியப் பாரு” என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்கிற ஒரே ஆசை அன்றைக்கு அவள் மனதில் உட்கார்ந்தது. அது ஆசை என்பதைவிடக் கோபம் என்று சொல்வதே சரி.

கோபத்தை வைத்துக்கொண்டு உலை வைக்க முடியாது. அதனால் கையால் இறால் தடவக் கற்றுக்கொண்டாள். தண்ணீருக்குள் மண்டிபோட்டு நகர்ந்தபடி, சேற்றை இரண்டு கையாலும் துழாவி, ஒளிந்திருக்கும் இறாலை விரலால் கண்டுபிடிக்கிற வேலை. கலங்கல் தண்ணீரில் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை. எது கல், எது நண்டு, எது இறால் என்று விரல்தான் சொல்ல வேண்டும். தனக்கென்று தண்ணீர் இல்லாதவளுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்பது அவள் வாதம். பக்கத்து ஊரான வடக்குத்திட்டோடு முறை வைத்திருந்த வடக்குப் பாடு என்கிற இடத்தின் ஓரத்தில் நட்டிருந்த எல்லைக் கழியை, முறையில்லாத ஒருநாள் தாண்டி மாட்டிக்கொண்டாள். அன்றுதான் கூடை தூணில் ஏறியது. “இன்னொரு தபா தாண்டினா, குடும்பத்தோட ஊரை விட்டு வெளிய” என்று தீர்ப்பு. இனி அவள் தாண்ட மாட்டாள் என்று மாணிக்கம் அம்மன்மேல் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். பாவம், மனைவியைக் கேட்காமலே செய்துவிட்டான்.

தை மாதத்துப் புதன்கிழமை ஒன்று. அன்றைக்கு வடக்குப் பாடு வடக்குத்திட்டின் முறை. ஆனால் அந்த ஊர்த் தலைவர் வீட்டில் கல்யாணம். ஒரு படகும் வராது. யார் வீட்டில் விசேஷம், யாருடைய வலை கரையில் காய்கிறது என்பதெல்லாம் பானுவுக்கு அத்துப்படி. டப்பாவில் சேற்றைப் பூசிக்கொண்டு, கழிக்கு அப்பால் போய், கோரைப் புதர் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பது இருக்கும்.

தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் வந்தது. இரண்டு பேர் உட்காருகிற பயிற்சி விமானம். அவ்வப்போது போகும், வரும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு அதன் சத்தம் விக்கி விக்கி நின்றது. பானு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது சாய்ந்து, ஓர் இறக்கை தண்ணீரில் பட்டு, நூறு அடி தூரத்தில் மூக்குக் குத்தி விழுந்தது. சேறு எழும்பி அவள் தலைமேல் கொட்டியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் அவள் புதருக்குள் பதுங்கத்தான் செய்தாள். ஊரே இப்போது ஓடி வரும், கழிக்கு அப்பால் அவளைப் பார்க்கும், அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தலையைத் தாழ்த்தி அப்படியே நழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. நான்கைந்து மூச்சு அப்படிக் கிடந்தாள். பிறகு தன்னைத்தானே கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு, விமானத்தைப் பார்த்துப் போனாள்.

அங்கே சேறு தொடையை இழுத்தது. வயிறு படப் படுத்து, கையால் துழாவியே நகர்ந்தாள். பெட்ரோல் நெடியில் கண் எரிந்தது. “யாராச்சும் கீறீங்களா?” என்று கத்தினாள். பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள்.

“இருக்கேன்” என்றது ஒரு குரல்.

இருபத்தோரு வயதுப் பெண். நிவேதா என்று பெயர், விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவள். கழுத்து வரைக்கும் கலங்கல் தண்ணீர். பக்கத்து இருக்கையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விஜயராகவன். அவர் தலை தொங்கிய விதத்திலேயே பானுவுக்குத் தெரிந்துவிட்டது. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறுகிற நேரம் அது. இன்னும் அரை மணியில் அந்தப் பெண்ணின் மூக்குக்கு மேலே போய்விடும். அவளை இருக்கையோடு கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கி எங்கே இருக்கிறது என்று பானுவுக்குத் தெரியாது, பார்க்கவும் முடியாது. தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினாள். ஒரு கை தட்டுப்பட்டது. பெரிய, ஆம்பளைக் கை. அது அந்தப் பெண்ணின் கொக்கியைப் பிடித்தபடியே அசையாமல் இருந்தது. பானு அந்த விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றினாள். கழற்றியும் பயனில்லை. பெண்ணின் இடது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டியிருந்தது. அதைத் தூக்க ஆள் வேண்டும்.

“சாரு…?” என்றாள் நிவேதா.

“சாரு பக்கத்துலதான் கீறாரு. நீ என்னப் பாரு. மோவாயை என் தோள்மேல வையி.”

இஞ்சின் சத்தம் கேட்டது. மணல்திட்டுக்குப்பத்தின் ஆறு படகுகளும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. வந்து, எல்லைக் கழியில் நின்றன.

ஆமாம், நின்றன. வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படிச் செய்வானா? இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டு, அப்புறம் கோயிலில் வைத்து, முறையில்லாத நாளில் கழியைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருந்தது. முதல் படகிலிருந்த சுப்பராயலு இடது கையைத் தூக்கினார், ஆறு இஞ்சினும் அடங்கின. பிறகு அவர் போனை எடுத்தார். வடக்குத்திட்டுத் தலைவரிடம் அனுமதி கேட்பதற்கு! அந்தப் பக்கம் கல்யாண மேளம். “ஹலோ, ஹலோ, நான் சுப்பராயலு பேசுறேன்…” என்று அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

விமானத்துக்குள் உயிர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. விமானத்துக்கு மறுபக்கம் பானு இருப்பதும் தெரியாது. பானு இடுப்பு டப்பாவைத் தண்ணீரில் முக்கி, முந்தானையால் சேற்றைத் துடைத்து, சிவப்பு தெரிய உயரத் தூக்கிப் பிடித்தாள்.

“மாமா! இங்க உசுரு கீது! போன்ல இன்னா பேசினுகீற? வா மாமா!”

அந்த டப்பாவை ஊரில் தெரியாதவர் உண்டா? சுப்பராயலு போனைக் காதில் வைத்தபடி ஒரு கணம் பார்த்தார். அந்தப் போன் ஏரிக்குள் தவறி விழுந்ததா, அவரே போட்டாரா என்று ஊரில் இன்னும் வழக்கு நடக்கிறது. அடுத்த நொடி அவர் படகு பாய்ந்தது. கழி மளுக்கென்று ஒடிந்தது. பின்னாலேயே மற்ற ஐந்தும்.

இருபத்திரண்டு பேர் சேற்றில் குதித்தார்கள். வலை கட்டுகிற கழிகளை நெம்புகோலாகக் கொடுத்து, ஐலசா போட்டு, தகரத்தைத் தூக்கினார்கள். அதுவரைக்கும் பானு அந்தப் பெண்ணின் மோவாயைத் தோளில் தாங்கி, அசையாமல் நின்றாள். தண்ணீர் அவள் வாய்க்குள்ளும் போனது. நிவேதாவைத் தெர்மாகோல் மிதவையில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தபோது ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கால் போகவில்லை, உயிரும் போகவில்லை. பிழைத்துவிட்டாள்!

விஜயராகவனை அதே கைகள்தான் சுமந்து வந்தன. தண்ணீரில் போன எந்த உயிரும் அந்த ஊருக்குத் தன் வீட்டு உயிர். மூன்று நாள் ஏரியில் யாரும் வலை இறக்கவில்லை. வடக்குத்திட்டில் மேளத்தை நிறுத்தி, தாலியை மட்டும் கட்டிவிட்டு, கல்யாணச் சோற்றை அண்டா அண்டாவாகப் படகில் ஏற்றி வந்தார்கள். போலீஸ், தீயணைப்பு வீரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் பந்தி. இரண்டு ஊரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “உசுரு கெடக்கறப்ப போன் இன்னாத்துக்குய்யா?” என்று வடக்குத்திட்டுத் தலைவர் கேட்டார். சுப்பராயலு இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் விஜயராகவனின் மனைவி வந்தார். அந்த இடத்தில் பூப்போடப் படகில் கூட்டிப்போனார்கள். கணவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று பானுவைக் கேட்டார். “இல்லம்மா. நான் போறதுக்குள்ள போயிட்டாரு. ஆனா அவர் கை அந்தப் பொண்ணு பெல்ட்டுமேல இருந்திச்சு. அந்தக் கை காட்டித்தான் நான் கொக்கியக் கண்டுபுடிச்சேன்” என்றாள் பானு. அந்த அம்மாள் பானுவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அதுவரைக்கும் அழாத பானு அப்போது உடைந்துபோய் அழுதாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கொட்டகையில் ஊர் முழுவதையும் உட்காரவைத்து, விழுந்தபோது யார் யார் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். பானுவின் முறை வந்ததும் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். படகில் வந்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

“கழிக்கு அந்தாண்ட இறால் தடவினு இருந்தேன் சார். எங்க முறை இல்ல. தெரிஞ்சேதான் போனேன்” என்றாள்.

சொன்னது எழுத்தில் ஏறிவிட்டது. இனி ஊர்க் கூட்டம் போடாமல் இருக்க முடியாது. அந்தக் கூட்டத்துக்கு மாணிக்கம் வேலைக்குப் போகாமல் வந்து, வெளிறிப்போய் மூலையில் உட்கார்ந்திருந்தான். சத்தியம் செய்தவன் அவன்தானே. சுப்பராயலு எழுந்தார்.

“தப்பு பண்ணவங்க பேரைச் சொல்லணும்னா, மொதல்ல என் பேரைச் சொல்லுங்க” என்றார். “அந்தப் பொண்ணு தண்ணியில முழுகினு இருந்தப்ப என் படகு கழியாண்ட நின்னிச்சு. நான் போன்ல பெர்மிஷன் கேட்டுனு இருந்தேன். இவ நிக்கல. இவள வெளிய அனுப்பணும்னா, நானும் போறேன்.”

அவர் நடந்துபோய், மூன்றாவது தூணிலிருந்த கூடையைக் கழற்றி, ஒட்டடையைத் தன் துண்டாலேயே தட்டி, பானுவிடம் நீட்டினார். பானு வாங்கவில்லை.

“கூடை இருக்கட்டும் மாமா. பேரு?”

இப்போதும் கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் அம்மன் கோயில் முன்னால் பட்டியல் வாசித்தபோது, வழக்கமாக எட்டிப் பார்க்காத பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். ஊன்றுகோலோடு நிவேதாவும் வந்திருந்தாள். கடைசிப் பெயருக்கு வந்ததும் சுப்பராயலு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “மாணிக்கம் பொண்டாட்டி…” என்று இழுத்தார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அவர் தொண்டையைச் செருமி, திருத்தி வாசித்தார்.

“பானுப்ரியா!”

“இருக்கேன்!” என்று அவள் போட்ட சத்தம், உடைந்த எல்லைக் கழியைத் தாண்டி, வடக்குத்திட்டு வரைக்கும் கேட்டது.