சும்மா கிடக்கிற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஆள் சட்டையில்லாமல், தலை நிறையக் கறுப்புச் சேற்றோடு கண்ணாடி முன்னால் நிற்பது பார்க்கத் தகுந்த காட்சி இல்லை. என் மனைவியே பார்ப்பதில்லை. கிண்ணத்தில் கலக்கும்போது அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. அமோனியா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதித் தண்ணீர் நெடியால் வந்தது. மீதிப் பாதிக்கு விருதுநகரில் ஒரு மாடி அறைதான் காரணம்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த முதல் சில வருஷங்கள். கீழே பருப்புக் கடை, மேலே நாங்கள். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் லைசென்ஸ் கேட்டுப் போகும்போது கூடவே கொடுக்க வேண்டிய இட வரைபடம் போடுகிற ஆபீஸ் அது. மொத்தம் மூன்று பேர். கையெழுத்துப் போடுகிற இஞ்சினியர் சார், டிப்ளமோ முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த நான், செல்வி. நான் டிரேசிங் தாளில் வரைவதைச் செல்வி அமோனியா மிஷினில் விட்டு நகல் எடுப்பாள், கடிதம் டைப் அடிப்பாள், மிச்ச நேரத்தில் என்னைக் கிண்டல் அடிப்பாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து தினமும் பஸ். அவள் அம்மா அங்கேயே ஒரு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவர். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது இல்லை; வெடிக்கிறது.

பட்டாசுக் கம்பெனிப் படம் பார்த்திருக்கிறீர்களா? பெரிய பொட்டலில் சின்னச் சின்ன அறைகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் கூடாது. ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது, அதற்குத்தான் இடைவெளி. வந்த நாலாவது மாதமே இது என் கைக்குப் பழகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்காரும்போதுகூடப் பக்கத்து இலைக்கு இடைவெளி பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் சார் சிவகாசியில் ஒரு அச்சாபீஸிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். கடிதம் அடிப்பதற்கு. அதற்குள் யாரோ விட்டுப்போன ஒரு விளையாட்டு இருந்தது. வெறும் நிலம் கொடுப்பார்கள். நாம் ஊர் கட்ட வேண்டும். பச்சை பூசினால் வீடு, நீலம் பூசினால் கடை, மஞ்சள் பூசினால் தொழிற்சாலை. ரோடு, கரண்டு, தண்ணீர் எல்லாம் நம் பொறுப்பு. மூலையில் டை கட்டிய ஒரு ஆள் அடிக்கடி தலையைக் காட்டி இங்கிலீஷில் குறை சொல்லுவான். அவனுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தோம்.

படம் போடுகிறவன் அல்லவா, ஊர் கட்டுவதா பெரிய விஷயம்? சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பத்தே நாளில் ஒரு நகரம் போட்டேன். யாரும் குடிவரவில்லை. தாசில்தார் தலையில் அடித்துக்கொண்டான். செல்வி தூக்குவாளியை மூடிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"ஏன்ணே, வீட்டுக்கு வீடு இம்புட்டு தள்ளி வச்சிருக்கீக? இது ஊரா, கம்பெனியா?"

பார்த்தேன். நாலு கட்டத்துக்கு ஒரு வீடு, சுற்றிலும் பொட்டல். கரண்டு நிலையத்தை மருந்து வைக்கிற கிட்டங்கி மாதிரி ஊரின் கடைசியில் ஒதுக்கி, அதற்கு ரோடே போடாமல் விட்டிருந்தேன். ஒரு நகரத்துக்கே பட்டாசு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"அடுத்த வீட்டுல உப்புக் கடன் கேக்கவே பஸ் ஏறணும்போல. எவன் வருவான்?" என்றாள்.

அன்றிலிருந்து இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். வீட்டோடு வீட்டை ஒட்டினேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சை. முக்குக்கு முக்கு நீலம். ஜனம் வர ஆரம்பித்தது. சாமான் ஏற்றிய முதல் லாரி ஊருக்குள் வந்த நாளில் கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தேன். காலி நிலம் வீண் என்று அந்த விளையாட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நானும் நல்ல மாணவன், மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் என் ஊரில் தீப்பிடித்தது. திரையில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு ஆரஞ்சுப் புள்ளி, கூடவே சின்னதாக ஒரு சங்குச் சத்தம். அவ்வளவுதான். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறிவிட்டேன்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டால் முதலில் ஓட்டம். கேள்வி எல்லாம் ரோட்டுக்கு வந்த பிறகுதான். பருப்புக் கடை அண்ணாச்சி தராசுத் தட்டோடு ரோட்டில் நின்றார். துவரம்பருப்பு வாங்க வந்தவர்கள் எதிர்ச் சாரிக்கே போய்விட்டார்கள். சொன்ன நானும் ஓடிவந்து அவர்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கன தீ?" என்றார் அண்ணாச்சி.

"கம்ப்யூட்டருக்குள்ள" என்றேன்.

அவர் தட்டை ஓங்கினது அடிப்பதற்கா என்று இன்றுவரை தெரியாது.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிச் சொல்லப்போவதை நினைத்தால் டை காய்வதற்குள் வேர்க்கிறது.

ஏழாயிரம்பண்ணையில் ஒரு முதலாளி ஒட்டியிருந்த நிலத்தை வாங்கிச் சேர்த்திருந்தார். தீபாவளி சீசனுக்கு முன்னால் அறைகளைக் கூட்ட வேண்டும், புதுப் படம் வேண்டும் என்றார். ஒரே நாளில் வரைந்து முடித்தேன். நடுவில் பாதை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். கை தானாக ஓடியது. பார்க்க அத்தனை அழகு. சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்தபடியே பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை சுருளை எடுத்துக்கொண்டு சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போய்விட்டார்.

செல்வி ஆபீஸ் நகலை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தவள் மறுபடி பிரித்தாள்.

"அண்ணே, இது எங்கம்மா வேல பாக்குற கம்பெனி."

"தெரியும். வரிசை பாத்தியா?"

"பாத்தேன். அளகா இருக்கு. பூச்சட்டி ரூமு எது?"

காட்டினேன்.

"பக்கத்து ரூமு வெடிச்சா எங்கம்மா எங்கன ஓடுவாக?"

ஸ்கேலை எடுத்து வைத்தேன். இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிகூட இல்லை. நான் கம்பெனிக்குப் படம் போடவில்லை, ஊர் கட்டியிருந்தேன். பச்சை பூசாததுதான் குறை.

கொடுத்தாலும் அங்கே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புத்தி அப்படிச் சொன்னது. ஆனால் கால் கேட்கவில்லை. அண்ணாச்சியின் மொபெட்டைக் கேட்டும் கேட்காமலும் எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் செல்வியின் அம்மா முகம். நான் அவரைப் பார்த்ததே இல்லை, இருந்தாலும் முகம் வந்தது. வேலை போய்விடும் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. போகட்டும், படம் மட்டும் கைக்கு வந்தால் போதும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

சார் வேப்பமரத்தடியில் நின்று காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"ஏலே, இங்கன வந்து ஓடுங்கன்னு கத்திராத. கலெக்டர் ஆபீசு."

மூச்சிரைக்கச் சொன்னேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, சுருளைப் பிரித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கையெளுத்து என்னோடது. நானும் பாக்கலயே லே" என்றார். கொஞ்சம் கழித்து, "காலப் பாரு" என்றார்.

ஒரு காலில் என் செருப்பு. இன்னொரு காலில் செல்வியின் செருப்பு.

மறுநாள் புதுப் படம் பார்க்க முதலாளி வந்தார். அறைகள் குறைந்திருந்தன. விரலை வைத்துத் தட்டினார். "என்ன சார், நடுவுல இம்புட்டு எடத்தச் சும்மா போட்டிருக்கீக?"

சார் தொண்டையைச் செருமினார். நான் பென்சில் சீவினேன். டைப் அடித்துக்கொண்டிருந்த செல்வி திரும்பாமலே சொன்னாள்: "சும்மா இல்ல மொதலாளி. எங்கம்மா ஓடுறதுக்கு."

"உங்கம்மா யாரு?"

"பூச்சட்டி ரூமு. மாரியம்மா."

முதலாளி விரலை எடுத்தார். படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "இதே இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

எனக்கு வேலை போகவில்லை. அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் நகரத்தைத் திறந்து, வீடுகளை இடித்து இடைவெளி விட்டேன். ஜனம் மூட்டை கட்டியது. தாசில்தார் கத்தினான். கடைசியில் என்னை அந்த ஊர் மேயர் பதவியை விட்டே இறக்கிவிட்டார்கள். சந்தோஷமாக இறங்கினேன்.

அந்தக் கம்ப்யூட்டர் அடுத்த மழையில் செத்தது. அமோனியா மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சார் இல்லை. மாடி அறையில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. செல்வி திருப்பூரில் இருக்கிறாள், தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணி, "அண்ணே, உங்க ஊர்ல தீ அணைஞ்சிருச்சா?" என்று கேட்பாள். மாரியம்மா வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றனவாம். மூட்டுவலி, இனி ஓடச் சொன்னாலும் ஓட முடியாது என்று மகளிடம் சிரித்தாராம்.

போன மாதம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். ஜன்னலில் அந்தக் கம்பெனி வந்தது. அறைகள் என் கோடுகளின்மேல்தான் நின்றன, தள்ளித் தள்ளி. நடுவில் வெயில். இத்தனை வருஷத்தில் அதில் யாரும் ஓட நேரவில்லை. இன்னும் சும்மாத்தான் கிடக்கிறது.