வேலம்பட்டைக் கறை

நேற்று வெட்டுப்பட்ட என் கட்டைவிரலில் மருமகள் சுற்றிவிட்ட துணியில் செம்பழுப்பாக ஒரு கறை ஊறியிருந்தது. வேலம்பட்டைக் கஷாயத்தின் கறை. அதே நிறத்துக் கட்டு ஒன்றைப் பதினைந்து வருஷத்துக்கு முன் தினமும் இந்த விரல்களால்தான் அவிழ்த்தேன்.

அப்போது கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஒரு சுரங்கத்து வாசலில் எனக்குச் சோதனை வேலை. ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் வாய்க்குள் விரல் விட்டு, தலைமுடி, கோவணம் எல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். எவனோ காயக்கட்டுக்குள் பொன் துணுக்கை ஒளித்துப் பிடிபட்டதிலிருந்து, கட்டையும் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு. அதிகாரத்தில் எனக்குத் தலைகால் புரியாத காலம் அது.

பாறையில் துளை போடும் ஒருவருக்கு உளி நழுவி உள்ளங்கை கிழிந்திருந்தது. வேலைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது என்று ஒற்றைக் கையால் கல் அள்ள வந்தார். சுரங்கத்துக்கு மின்சாரம் வராத காலம். நீராவி எஞ்சின்களுக்கு விறகுதான் தீனி. அந்த விறகுக் குவியலில் வேலம்பட்டை உரித்துவந்து, சுண்டக் காய்ச்சி, காயத்தைக் கழுவி, புடவைக் கிழிசலையும் அதிலேயே நனைத்துக் கட்டி அனுப்புவாள் அவர் மனைவி. நான் அவிழ்ப்பேன். ஒன்றும் இருக்காது. போ என்பேன்.

ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவளே சின்னக் கலயத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தா புண்ணு காயுது. திங்கக்கெழம நீங்க அவுத்தா மறுபடியும் சீழ் வெக்குது. அவுக்க வாணான்னு சொல்லல. இந்தக் கஷாயத்துல கைய கழுவிக்கினு அவுருங்க."

"இன்னாம்மா, என் கை அவ்ளோ அசிங்கமா?"

"நூறு பேர் வாயில வுட்ட கைதானே அண்ணா," என்றாள் மெதுவாக.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. கலயத்தை வாங்கி அவள் காலடியிலேயே கவிழ்த்தேன். பிறகு, வேண்டுமென்றே, கழுவாத கையால் அவர் கட்டை அவிழ்த்துக் காயத்துக்குள்ளும் விரல் விட்டுத் துழாவினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் கை முழங்கை வரை வீங்கிக் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை எடுத்தார்கள். ஜுரம் இறங்கவில்லை. நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார். அவள் ஊர்ப்பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். துக்கம் கேட்கக்கூட நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? என் விரலால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஞாயிறு காய்ந்த புண் திங்கள் சீழ் வைத்ததை அவள் கவனித்திருந்தாள். அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

நேற்று என் விரலைத் தொடுமுன் மருமகள் தன் கைகளை அந்தக் கஷாயத்தில் கழுவிக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இன்னா மாமா, கண்ணு கலங்குது? எரியுதா?" என்றாள்.

எரிகிறது என்றேன்.